மாங்கன்று எப்போது பூக்கும்? உயிர்களின் பருவங்கள் பற்றி ஓர் எளிய விளக்கம்

நர்சரியில் வாங்கி வைத்த ஒட்டு மாங்கன்று இடுப்பளவு உயரத்திலேயே பூவெடுத்து நிற்கும். அதே தோட்டத்தில் கொட்டை விழுந்து தானாக முளைத்த மரம், வீட்டுக் கூரையை எட்டிய பிறகும் ஒரு பூங்கொத்துகூடக் காட்டாது. மண் ஒன்று, தண்ணீர் ஒன்று, வெயிலும் ஒன்றுதான். இதைப் பார்த்துவிட்டு "இது மலட்டு மரம், வெட்டிப் போடு" என்று முடிவெடுக்கிறவர்கள் நிறையப் பேர். தயவுசெய்து வெட்டாதீர்கள். அந்த மரத்துக்கு ஒரு குறையும் இல்லை. அது இன்னும் குழந்தையாக இருக்கிறது.

உயரத்தில் பெரிதாக இருப்பது குழந்தை, சிறிதாக இருப்பது பெரியவர் என்றால் எப்படி? இங்கேதான் விஷயம் ஆரம்பிக்கிறது.

பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம்: ஓர் உயிரின் வாழ்நாளை மூன்று பருவங்களாகப் பிரிக்கலாம். முதலில் இளமைப் பருவம், செடிகொடிகள் என்றால் இதைத் தழைப்பருவம் என்பார்கள். அடுத்து இனப்பெருக்கப் பருவம். கடைசியில் முதுமைப் பருவம். மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடும் இந்த மூன்று சொற்களை வைத்துத்தான் விவசாயி எப்போது உரம் போடுவது என்று தீர்மானிக்கிறார், மாட்டு டாக்டர் எப்போது சினை ஊசி போடுவது என்று சொல்கிறார், அரசாங்கம் எந்த மாதத்தில் விசைப்படகுகளைக் கரையில் கட்டிவைப்பது என்று முடிவு செய்கிறது. முதல் பருவத்துக்கும் இரண்டாவது பருவத்துக்கும் நடுவில் உள்ள கோட்டை உயிரினம் தாண்டும் நிலைக்குத்தான் இனப்பெருக்க முதிர்ச்சி என்று பெயர். தன்னைப் போல இன்னொன்றை உண்டாக்கும் திறன் உடலுக்கு வந்துவிட்டது என்று பொருள். உயரத்தையோ வயதையோ மட்டும் வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

சரி, மாமரத்துக்கு வருவோம். ஒட்டுக்கன்றில் வேரும் அடித்தண்டும் கொட்டையிலிருந்து முளைத்த சின்னக் கன்றினுடையவை. மேலே ஒட்டப்பட்ட குச்சியோ, ஏற்கெனவே காய்த்துக்கொண்டிருக்கும் தாய் மரத்திலிருந்து வெட்டி எடுத்தது. அந்தக் குச்சியில் இருக்கும் மொட்டுகள் இளமைப் பருவத்தை எப்போதோ தாண்டியவை, வேறு வேரின் மேல் உட்கார வைத்தாலும் அவை மறுபடி குழந்தையாவதில்லை. அதனால் மூன்று, நான்கு ஆண்டுகளில் விளைச்சலுக்கு வந்துவிடும், சில கன்றுகள் முதல் வருடமே பூக்கும். (அப்படிப் பூத்தால் கிள்ளிவிடச் சொல்வது இதனால்தான்: பூக்கத் திறன் இருக்கிறது, காயைத் தாங்க உடம்பு இல்லை.) விதையிலிருந்து வரும் மரத்துக்கு இந்தக் குறுக்குவழி கிடையாது. விதை உருவாகும்போதே பருவக் கணக்கு பூஜ்யத்துக்குத் திரும்பிவிடுகிறது. அது ஐந்திலிருந்து எட்டு ஆண்டுகள், சில சமயம் அதற்கு மேலும், தழையை மட்டுமே வளர்க்கும்.

செடிக்குள் இந்தக் கணக்கு எப்படி நடக்கிறது என்று இப்போது ஓரளவு தெரிந்திருக்கிறது. மிர்-156 என்ற குட்டி ஆர்.என்.ஏ. மூலக்கூறு இளஞ்செடியில் ஏராளமாக இருக்கும். பூக்கத் தூண்டும் மரபணுக்களை அது அடக்கி வைக்கிறது. செடிக்கு வயது ஏற ஏற அதன் அளவு குறையும், குறையக் குறைய அடக்கப்பட்ட மரபணுக்கள் வேலையைத் தொடங்கும். பூ வருவதற்கு முன்பே இந்த மாற்றத்தை இலையில் பார்க்கலாம். பலா நாற்றின் இலைகளைப் பார்த்தால் ஓரங்கள் பிளவுபட்டு, பலா இலைதானா என்று சந்தேகம் வரும். வளர்ந்த மரத்தில் அப்படி ஓர் இலை இருக்காது. நீலகிரியில் தைலம் காய்ச்சுகிறார்களே, அந்தத் தைலமரத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். இளங்கன்றில் இலைகள் வட்டமாக, நீலச் சாம்பல் பூசியது போல, ஜோடி ஜோடியாகத் தண்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பெரிய மரத்தில் அரிவாள் போல நீண்டு தொங்கும். ஓங்கி வளர்ந்த அந்த மரத்தை அடியோடு வெட்டினால் கட்டையிலிருந்து கிளம்பும் தளிர்களில் மறுபடி அதே வட்ட இலைகள் வருகின்றன. ஒரே மரத்தில் உச்சி பெரியவராகவும் அடிப்பகுதி இன்னும் சிறுபிள்ளையாகவும் இருக்க முடியும் என்பது எனக்கு இன்றும் வியப்பான விஷயம்.

நெல்லில் இதே மூன்று கட்டங்கள் நாலைந்து மாதத்துக்குள் முடிந்துவிடுகின்றன. நாற்று நட்டு, வேர் பிடித்து, தூர் கட்டுவது வரை தழைப்பருவம். அப்புறம் தண்டுக்குள் கதிர் உருவாகி, பொதி கட்டி, கதிர் வெளிவந்து பூப்பது இனப்பெருக்கப் பருவம். பால் பிடித்து மணி முற்றுவது கடைசிக் கட்டம். கதிர் உருவாவதிலிருந்து பூப்பது வரை சுமார் 35 நாள், பூத்ததிலிருந்து அறுவடை வரை சுமார் 30 நாள். எந்த ரகமானாலும் இந்த இரண்டும் பெரிதாக மாறுவதில்லை. அப்படியானால் 110 நாள் குறுவை ரகத்துக்கும் 150 நாள் சம்பா ரகத்துக்கும் வித்தியாசம் எங்கே வருகிறது? ஏறக்குறைய முழுவதும் தழைப்பருவத்தில்தான். சம்பா நெல் கூடுதல் நாட்களைக் குழந்தையாகக் கழிக்கிறது. பழைய சம்பா ரகங்கள் பலவும் பகல் பொழுது குறைவதைப் பார்த்துத்தான் பூக்கும், பட்டம் தவறி விதைத்தால் தழையாகவே நிற்கும். பகல் நீளத்தை உணர்வது இலை, பூப்பது நுனி. அப்படியென்றால் இலையிலிருந்து ஏதோ ஒரு சேதி நுனிக்குப் போக வேண்டும் என்று சோவியத் விஞ்ஞானி மிகயீல் சைலாக்கியன் 1930களில் சொல்லி, அதற்கு ஃப்ளோரிஜென் என்று பெயரும் வைத்தார். அது ஒரு புரதம் என்று உறுதியாக இன்னும் எழுபது ஆண்டுகள் ஆயின.

நெல்லுக்குத் தண்ணீர் நிறுத்துவதில் இந்தப் பருவக் கணக்கு உயிர்நாடி. தூர் கட்டும்போது கொஞ்சம் காய்ந்தால் பயிர் பிறகு சமாளித்துக்கொள்ளும். பூக்கும் நேரத்தில் காய்ந்தால் மகரந்தம் கெட்டு மணி பிடிக்காது, பதராகப் போய்விடும்.

பனைக்குப் பொறுமை வேண்டும். விதை ஊன்றியதிலிருந்து பன்னிரண்டு, பதினைந்து, சில இடங்களில் இருபது ஆண்டுகள்கூடப் பூக்காமல் நிற்கும். யாழ்ப்பாணத்தில் "வடலி வளர்த்துக் கள்ளுக் குடிக்கிற கதை" என்று சும்மா சொல்லவில்லை (வடலி என்றால் இளம்பனை). அத்தனை ஆண்டும் அது ஆண் பனையா பெண் பனையா என்றே பார்த்துச் சொல்ல முடியாது. பாளை வெளிவந்தால்தான் தெரியும். நுங்குக்கு ஆசைப்பட்டு விதை போட்டவருக்குப் பதினைந்து வருடம் கழித்து ஆண் பனை வாய்ப்பதும் உண்டு. (பதநீர் இரண்டிலும் கிடைக்கும் என்பது ஆறுதல்.)

இதுவரை சொன்னவற்றில் மாவும் பனையும் ஒருமுறை பூக்கத் தொடங்கினால் ஆண்டுதோறும் பூக்கிறவை. இன்னொரு வகை இருக்கிறது: வாழ்நாளில் ஒரே ஒருமுறை பூத்து, விதைத்து, செத்துப்போகிறவை. நெல் அப்படித்தான். வாழையிலும் குலை தள்ளிய தண்டு மறுபடி குலை தள்ளாது, பக்கக் கன்றுதான் வம்சத்தைத் தொடரும். ஓராண்டுப் பயிர் இப்படிச் செய்தால் நமக்கு வித்தியாசமாகப் படுவதில்லை. பல பத்து ஆண்டுகள் காத்திருந்துவிட்டு ஒரே பூப்பில் முடிந்துபோகும் உயிர்கள்தான் ஆச்சரியம். தாளிப்பனை என்று ஒரு பனை, கேரளத்திலும் இலங்கையிலும் உண்டு, முப்பதிலிருந்து எண்பது ஆண்டுகள் வரை வெறும் ஓலையோடு நின்றுவிட்டு, உச்சியில் ஆறேழு மீட்டர் உயரத்துக்கு லட்சக்கணக்கான பூக்களை ஒரே மூச்சில் விரித்து, காய் முற்றியதும் அப்படியே பட்டுப்போகும். நம் நீலகிரி, பழனி மலைகளிலும் மூணாறிலும் பூக்கும் குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக் கணக்கு வைத்திருக்கிறது. 1994, 2006, 2018 என்று பூத்தது, அடுத்து 2030.

மூங்கிலின் கதைதான் இவற்றில் மிகப் பெரியது. மிசோரம் மலைகளை மூடியிருக்கும் மௌதாக் மூங்கில் சுமார் 48 ஆண்டுக்கு ஒருமுறை, மலை மலையாக ஒரே சமயத்தில் பூக்கிறது. சதைப்பற்றுள்ள பழங்கள் கொட்டிக் கிடக்கும். எலிகளுக்கு இதைவிடப் பெரிய விருந்து இல்லை, பெருகித் தள்ளும். பழம் தீர்ந்ததும் அந்த எலிக்கூட்டம் நெல் வயலுக்கும் களஞ்சியத்துக்கும் இறங்கும், பஞ்சம் வரும். மிசோ மக்கள் இதை மௌதம் என்பார்கள். 1958-59 மௌதத்தின்போது, வரப்போகிறது என்று பெரியவர்கள் முன்பே எச்சரித்தும் நிர்வாகம் பொருட்படுத்தவில்லை. பட்டினியில் தவித்த மக்களுக்கு உதவ மிசோ தேசியப் பஞ்ச முன்னணி என்று ஓர் அமைப்பு உருவானது. அதுவே 1961இல் 'பஞ்ச' என்ற சொல்லை விட்டுவிட்டு மிசோ தேசிய முன்னணி ஆனது, 1966இல் ஆயுதக் கிளர்ச்சியில் இறங்கியது, 1986இல்தான் சமாதான ஒப்பந்தம் வந்தது. ஒரு புல் இனத்தின் பருவக் கணக்கு ஒரு மாநிலத்தின் வரலாற்றையே திருப்பியிருக்கிறது (ஆமாம், மூங்கில் புல் வகைதான்). 2006-07இல் மறுபடி பூத்தபோது அரசு முன்கூட்டியே ஏற்பாடுகளில் இறங்கியிருந்தது.

எல்லாம் ஏன் ஒரே நேரத்தில்? தனியாகப் பூத்தால் எலி அத்தனை விதையையும் தின்றுவிடும். எல்லாம் சேர்ந்து கொட்டினால் தின்று தீர்க்க எலிகளால் முடியாது, மிஞ்சியது முளைக்கும் என்பதுதான் பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். அமெரிக்காவில் மண்ணுக்கடியில் 13 அல்லது 17 ஆண்டுகள் இளம்பூச்சியாக வேர்ச்சாறு குடித்துக் கிடந்துவிட்டு, கோடிக்கணக்கில் ஒன்றாக வெளிவரும் சிக்காடாப் பூச்சிகளும் இதே வழியில்தான் போகின்றன. 2024இல் 13 ஆண்டுக் கூட்டம் ஒன்றும் 17 ஆண்டுக் கூட்டம் ஒன்றும் ஒரே கோடையில் வெளிவந்தன, அந்த இரண்டும் அதற்கு முன் சேர்ந்து வந்தது 1803இல்.

இப்போது அடிப்படைக் கேள்வி. சீக்கிரம் முதிர்ந்து சீக்கிரம் பெருகுவதுதானே லாபம், எதற்கு இத்தனை காத்திருப்பு? உடலுக்குக் கிடைக்கும் உணவு ஓர் அளவுதான். அதை வளர்வதற்குச் செலவழிக்கலாம், அல்லது முட்டைக்கும் விதைக்கும் செலவழிக்கலாம். சீக்கிரம் இனப்பெருக்கத்தில் இறங்கினால் உடல் சிறிதாகவே நின்றுவிடும், குட்டிகளும் குறையும். காத்திருந்தால் பெரிய உடலோடு நிறையப் பெறலாம், ஆனால் அதற்குள் செத்துவிடும் ஆபத்து இருக்கிறது. எந்தப் பக்கம் சாய்வது என்பதை அந்த உயிர் வாழும் இடத்தின் ஆபத்து தீர்மானிக்கிறது. மொசாம்பிக்கில் மழைக் குட்டைகளில் வாழும் கில்லி மீன் ஒன்று முட்டையிலிருந்து வந்த 14 நாளிலேயே முதிர்ச்சி அடைந்துவிடும். குட்டை சில வாரங்களில் வற்றிவிடும், அதற்குள் முட்டைகளைச் சேற்றில் புதைத்தாக வேண்டும், அடுத்த மழைவரை அவை அங்கேயே உறங்கும். மறுமுனையில் வட அட்லாண்டிக், ஆர்க்டிக் கடல்களின் கிரீன்லாந்துச் சுறா. பனிக்குளிர் நீரில் மிக மெதுவாக வளரும் அது, முதிர்ச்சிக்கு வரவே சுமார் 150 ஆண்டுகள் ஆகும் என்று 2016இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது.

இது காலப்போக்கில் மாறவும் செய்யும். டிரினிடாட் தீவின் ஓடைகளில் கப்பி மீன்களை உயிரியலாளர் டேவிட் ரெஸ்னிக் குழுவினர் பல ஆண்டுகள் கவனித்தார்கள். பெரிய மீன் வேட்டையாடும் ஓடையில் வாழ்ந்த கப்பிகள் சீக்கிரமே முதிர்ந்து, சிறிய குட்டிகளை நிறையப் போட்டன. அவற்றில் சிலவற்றை ஆபத்துக் குறைந்த ஓடைக்கு மாற்றினார்கள். பதினோரு ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் அவற்றின் சந்ததி தாமதமாக முதிரும் மீன்களாக மாறியிருந்தது. பரிணாமம் என்றால் கோடி ஆண்டுகள் தேவை என்று நினைக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்லும் உதாரணம் இதுதான்.

நம் வீட்டு விலங்குகளுக்கு வந்தால், பருவத்தைத் தீர்மானிப்பதில் வயதைவிட எடைக்குப் பங்கு அதிகம். ஒரு கிடாரி வளர்ந்த மாட்டின் எடையில் அறுபது சதவீதத்துக்கு மேல் எட்டினால்தான் சினைப்படுத்தலாம் என்பார்கள். கலப்பினக் கிடாரிக்கு அது ஏறக்குறைய 250 கிலோ, நல்ல தீவனம் கிடைத்தால் ஒன்றரை வயதில் வரும், கிடைக்காவிட்டால் இரண்டரை வயதானாலும் வராது. நாட்டு மாடு இயல்பாகவே இன்னும் தாமதம். பருவத்துக்கு வந்த மாடு 21 நாளுக்கு ஒருமுறை சினைக்கு வரும்: கத்தும், தீவனம் குறையும், கண்ணாடி போலத் தெளிவான வழும்பு வடியும். காலையில் அறிகுறி கண்டால் மாலையில் ஊசி, மாலையில் கண்டால் மறுநாள் காலையில் ஊசி என்பது நடைமுறை. முதல் அறிகுறியைக் கண்டவுடன், எடை போதாத கிடாரிக்கு அவசரப்பட்டுச் சினை ஊசி போடுவது அந்த உயிருக்குச் செய்யும் கொடுமை என்றே சொல்வேன். கன்று ஈனும்போது அது படும் பாட்டைப் பார்த்தவர்களுக்குப் புரியும். கோழியில் கணக்கு இன்னும் சின்னது, முட்டைக்கோழி 18 முதல் 20 வாரத்தில் முட்டையிடத் தொடங்கும். நாம் சாப்பிடும் பிராய்லர் ஆறு வாரத்திலேயே கடைக்கு வந்துவிடுகிறது. பார்க்கத்தான் பெரிது, வயதில் அது குஞ்சு.

மனிதரிலும் அடிப்படை அதேதான். மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி பல ஆண்டுகள் அடங்கியிருந்துவிட்டு ஒரு கட்டத்தில் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சமிக்ஞை அனுப்பத் தொடங்கும், அது சினைப்பைக்கோ விந்தகத்துக்கோ அனுப்பும். உடலில் போதுமான சத்து இருக்கிறதா என்ற செய்தியும் கொழுப்புத் திசுவிலிருந்து மூளைக்குப் போய்ச் சேர்கிறது. ஊட்டம் குறைந்த பிள்ளைகளுக்குப் பருவம் தள்ளிப்போவது அதனால்தான். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். முதல் மாதவிடாய் என்பது நீண்ட ஒரு மாற்றத்தின் நடுவில் வரும் ஓர் அடையாளம். இடுப்பெலும்பு அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் வளர்கிறது. "பெரியவளாகிவிட்டாள்" என்று சொல்லிக் கல்யாணப் பேச்சை எடுப்பவர்கள் சட்டத்தை மட்டுமல்ல, உயிரியலையும் மீறுகிறார்கள்.

உருமாற்றமும் முதிர்ச்சியும் ஒன்று என்று குழப்பிக்கொள்ள வேண்டாம். வண்ணத்துப்பூச்சியில் புழு, கூட்டுப்புழு, பூச்சி என்று இரண்டும் சேர்ந்தே வருவதால் இந்தக் குழப்பம் எளிதில் வரும். மெக்சிகோவின் சோச்சிமில்கோ ஏரிப் பகுதியில் வாழும் ஆக்ஸலாட்டல் என்ற நீர்நில உயிரி வெளிச் செவுள்களோடு, இளம்பருவ உடலோடே, முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிடும். நீரைவிட்டு வெளியேறும் வடிவத்துக்கு அது பொதுவாக மாறுவதே இல்லை. தைராய்டு ஹார்மோன் கொடுத்தால் மாறும்.

மீன்பிடிப்பில் இந்த அறிவு சோற்றுப் பிரச்சினை. ஒரு மீன் ஒருமுறையாவது முட்டையிடும் முன் வலையில் சிக்கினால் அடுத்த தலைமுறைக்கு அது எதுவும் விட்டுச் செல்வதில்லை. நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை விதிப்பதும், கேரளத்தில் பல மீன் இனங்களுக்குப் பிடிக்கத்தக்க குறைந்தபட்ச நீளம் என்று சட்டம் வைத்திருப்பதும் இதற்காகத்தான். கலவா மீனில் இன்னொரு சிக்கல் உண்டு: அது பெண்ணாக முதிர்ந்து, பெரிதான பிறகே ஆணாக மாறும் இனம், பெரிய மீன்களை மட்டும் குறிவைத்துப் பிடித்தால் கடலில் ஆண்களே அருகிவிடும். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் காட் மீனைக் கண்மண் தெரியாமல் பிடித்தபோது மிஞ்சியவை வரவரச் சிறிய வயதிலேயே, சிறிய உடலோடே முதிரத் தொடங்கின. கப்பி மீனுக்கு வேட்டை மீன் செய்ததை இங்கே வலை செய்தது. கவனித்திருந்தால் அது எச்சரிக்கை மணி. 1992 ஜூலையில் மீன்பிடிப்பையே நிறுத்த வேண்டி வந்தது, பல்லாயிரம் பேர் வேலை இழந்தார்கள், காட் மீன் கூட்டம் பல பத்தாண்டுகளாகியும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

மூன்றாவது பருவத்தைப் பற்றிக் கொஞ்சம். பசிபிக் சால்மனுக்கு முட்டையிட்ட சில நாட்களிலேயே உடல் சிதைந்து மரணம், முதுமை என்று நீண்ட கட்டம் எதுவும் இல்லை. பெரும்பாலான பாலூட்டிகள் சாகும் காலத்துக்குச் சற்று முன்புவரை குட்டி போடும். இனப்பெருக்கம் நின்ற பிறகும் பெண் உயிர் பல பத்தாண்டுகள் வாழ்வது மனிதரிலும், ஓர்கா உள்ளிட்ட ஒருசில பல்திமிங்கில இனங்களிலும் காணப்படும் அபூர்வம். ஓர்காப் பெண் நாற்பது வயதையொட்டிக் குட்டி ஈனுவதை நிறுத்திவிட்டு எண்பது, தொண்ணூறு வயதுவரை வாழ முடியும். அமெரிக்க, கனடா மேற்குக் கடற்கரையில் ஒவ்வொரு ஓர்காவையும் அடையாளம் கண்டு பல பத்தாண்டுகளாகப் பதிவு செய்துவருகிறார்கள். சால்மன் குறைந்த ஆண்டுகளில் கூட்டத்தை முன்னின்று வழிநடத்துவது பெரும்பாலும் இந்தப் பாட்டிகள், பாட்டி இறந்துவிட்டால் பேரக்குட்டிகள் சாகும் அபாயம் கூடுகிறது, அதுவும் இரை குறைந்த ஆண்டுகளில் மிக அதிகமாக. குட்டி ஈனுவது நின்ற பிறகும் அவள் வம்சத்துக்கு இவ்வளவு பயன்படுவதால்தான், இப்படிப்பட்ட நீண்ட முதுமை பரிணாமத்தில் நிலைத்தது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.